கணக்குப் புத்தகங்களை அழிக்காதீர்கள்: தத்தெடுப்பை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தத்தெடுப்பையும் வளர்ப்புப் பராமரிப்பையும் மேற்பார்வையிடும் அரசு அதிகாரிகளுக்கு,

மூடப்பட்டுவிட்ட ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தின் பழைய கணக்குப் புத்தகங்கள் இப்போது யார் வசம் இருக்கின்றன என்று கேட்டு, உங்கள் அலுவலகங்களில் ஒன்றுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. குழந்தைகளின் கோப்புகள் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படுமாம். நிதி ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டதால் அவை அழிக்கப்படுமாம். இரண்டே வரி, கீழே கையெழுத்து, முத்திரை. இந்த முடிவை எடுத்தவர் ஏதோ தவறு செய்கிறோம் என்று நினைத்திருக்கவே மாட்டார். விதியில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் அந்த விதியின் மேல்தான். அது ஒரே ஒரு அலுவலகத்தின் விதியும் அல்ல. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். குழந்தைகள் இல்லங்கள், தத்துக் கொடுக்கும் நிறுவனங்கள், தத்தெடுக்காமல் குழந்தையைச் சிறிது காலம் பராமரிக்கும் வளர்ப்புக் குடும்பங்களை ஏற்பாடு செய்து தரும் அமைப்புகள் ஆகியவற்றின் பேரேடுகளோடுதான் என் தொழிலின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பணம் யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது, யாருக்குப் போனது என்று சொல்ல முடியும். இந்தத் துறையில் அன்பைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். பணத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

கடிதம் எழுதி என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடக்கும் முறைகேடுகள் குறித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984இல் நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் 'காரா' என்ற மத்திய அமைப்பு 1990இல் உருவானது. கடிதத்தைப் படிக்க ஒருவர் இருந்தால் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தையின் கோப்பு நீதிமன்றத்தில் காட்டுவதற்காக எழுதப்படுவது. அதில் பிசிறே இருக்காது. 'பெற்றோர் யாரெனத் தெரியவில்லை', 'கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது' என்று ஒரே வாசகம் பல கோப்புகளில் வரும். தேதியும் எடையும் மட்டும் மாறும். கணக்கு அப்படி எழுதப்படுவதில்லை. கார் ஓட்டுநர் தன் கைக்காசைத் திரும்ப வாங்குவதற்காக வவுச்சர் எழுதுகிறார். எங்கே போனார், எத்தனை கிலோமீட்டர், யாரை ஏற்றிவந்தார் என்று எழுதினால்தான் காசாளர் பணம் தருவார். செவிலியர் மருந்துச் சீட்டை இணைக்கிறார். கோப்பில் எவ்வளவு பொய் எழுதியவரும் தனக்கு வர வேண்டிய செலவுப் பணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பத்தொன்பது இருபது வயதில் ஒரு பிள்ளை வந்து இதையெல்லாம் படித்துப் பார்க்கும் என்று அந்த வவுச்சரை எழுதியவர் எவரும் நினைத்ததில்லை. அதனாலேயே அதில் உண்மை தங்கிவிடுகிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கோப்பின்படி அந்தக் குழந்தை ஒரு பொது இடத்தில் விடிகாலையில் கிடந்தது. தாய் யாரென்று தெரியாது. ரொக்கப் புத்தகத்திலோ அதே வாரத்தில் பிரசவ மருத்துவமனைக் கட்டணம் ஒன்று இருந்தது. கட்டணச் சீட்டில் ஒரு பெண்ணின் பெயரும் வயதும் இருந்தன. இரண்டு நாள் கழித்து அதே பெண் ஊர் திரும்பப் பயணச் செலவு கொடுத்ததாக இன்னொரு வவுச்சர். அந்த மாதம் அந்த நிறுவனத்துக்கு வந்த பச்சிளங்குழந்தை அது ஒன்றுதான். யாரோ விட்டுப்போன குழந்தைக்குப் பிரசவச் செலவு எப்படி வந்தது என்று கேட்டேன். அது வேறொரு உதவி என்றார்கள். என் அறிக்கையின் இணைப்பில் அதைக் குறிப்பிட்டு, விளக்கம் தேவை என்று எழுதினேன். மேற்பார்வை அலுவலகம் அந்த அறிக்கையைப் பெற்றுக்கொண்டது. அதன் பட்டியலில் 'தணிக்கை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறியிடப்பட்டது. அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பட்டியலில் கேள்வியே இல்லை. உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

அந்தப் பிள்ளை என்றாவது வந்து கேட்டால் நீங்கள் கோப்பைக் காட்டுவீர்கள். அதில் தாய் இல்லை. தாயின் பெயர் இருந்த காகிதத்தை, காலம் முடிந்துவிட்டதென்று நீங்களே அழித்திருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் வணிகக் கணக்குகளைப் பத்தாண்டோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்தால் போதும். அந்த விதி வரித்துறைக்காகவும் கடன் கொடுத்தவர்களுக்காகவும் எழுதப்பட்டது. கைக்குழந்தையாகத் தத்துப்போன ஒருவர் சட்டப்படி கேள்வி கேட்கும் வயதை எட்டும்போது அந்தக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஒருவர்கூட உரிய நேரத்தில் வந்து கேட்க முடியாதபடி ஒரு விதியை வேண்டுமென்றே எழுதியிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக எழுதியிருக்க முடியாது.

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றி 1993 மே 29 அன்று முடிவான ஹேக் உடன்படிக்கையை நீங்கள் எனக்குக் காட்டுவீர்கள். படித்திருக்கிறேன். 30ஆவது பிரிவு, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களை, குறிப்பாகப் பெற்றோரின் அடையாளத்தையும் மருத்துவ வரலாற்றையும், பாதுகாக்கச் சொல்கிறது. பணம் பற்றிய காகிதங்களைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெற்றோரின் அடையாளம் வவுச்சரில்தான் இருக்கிறது என்றால் அந்த வவுச்சரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதே என் வாதம். 11ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் லாப நோக்கமற்றவையாக இருக்க வேண்டும், அவற்றின் நிதிநிலை அரசின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்கிறது. 32ஆவது பிரிவு, தத்தெடுப்பிலிருந்து யாரும் முறையற்ற ஆதாயம் பெறக்கூடாது, செலவும் நியாயமான தொழில் கட்டணமும் மட்டுமே வசூலிக்கலாம் என்கிறது. எது நியாயம் என்று தொகை குறிப்பிடவில்லை. அது உங்கள் பொறுப்பில் விடப்பட்டது. உங்களில் பலர் அதை நிறுவனங்களின் பொறுப்பில் விட்டுவிட்டீர்கள்.

அதன் விளைவு பேரேட்டில் தெரியும். அரசு அனுமதித்த கட்டணம் ஒரு பக்கம் அடக்கமாக, ரசீது எண்ணோடு இருக்கும். அடுத்த பக்கம் நன்கொடை. வெவ்வேறு தம்பதிகள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே முழுத் தொகையைக் கொடுத்திருப்பார்கள். தேதியைப் பார்த்தால் குழந்தையை ஒப்படைப்பதற்கு முந்தைய வாரமாக இருக்கும். குழந்தை கைக்கு வந்த பிறகு ஒரு குடும்பமாவது அதே தொகையை மனமுவந்து கொடுத்ததாக நான் பார்த்த பேரேடு எதிலும் இல்லை. பிற்பாடு அவ்வப்போது ஏதாவது அனுப்பியவர்கள் உண்டு. அந்தத் தொகைகள் சிறியவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மனமுவந்து கொடுக்கும் பணத்தின் லட்சணம் அதுதான்.

தத்தெடுக்கும் குடும்பங்களை நான் குறைசொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டியவர்களைத் தெரியும். ஏன் இவ்வளவு என்று கேட்டால் தங்கள் கோப்பு அடியில் போய்விடுமோ என்று பயந்து, கேட்காமல் கொடுத்தவர்கள் அவர்கள். பலருக்கு முறையான ரசீதுகூட இல்லை. 'இல்லத்தின் வளர்ச்சி நிதிக்கு' என்று ஒரு நன்றிக் கடிதம் மட்டும் கையில் இருக்கும்.

நன்கொடையைவிட என்னைத் தொந்தரவு செய்தது இன்னொரு கணக்கு. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தங்குமிடமும் மருத்துவமும் தரும் இல்லங்களில் அந்தச் செலவு செலவாகத்தானே எழுதப்பட வேண்டும்? சில இடங்களில் அது முன்பணமாக எழுதப்பட்டிருந்தது. அதாவது அந்தப் பெண்ணிடமிருந்து நிறுவனத்துக்கு வர வேண்டிய பாக்கி. பெண்ணின் பெயரில் தனிப் பக்கம். தங்கிய நாட்கள், ஸ்கேன், மாத்திரை எல்லாம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். குழந்தையை ஒப்படைக்கும் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்ட தேதியில் முழுப் பாக்கியும் தள்ளுபடி. குழந்தையைத் தானே வளர்ப்பதென்று முடிவெடுத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் தள்ளுபடி இல்லை. தவணை தவணையாக வசூல் இருந்தது.

ஹேக் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, தாயின் சம்மதம் பணத்தாலோ வேறெந்த ஈட்டாலோ தூண்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்கிறது. கோப்பில் இருந்த சம்மதப் பத்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. சாட்சிகள் இருந்தார்கள், ஆலோசனை வழங்கப்பட்டதாகச் சான்று இருந்தது. ஆலோசனை வழங்கியவருக்குச் சம்பளம் கொடுத்தது அதே நிறுவனம் என்பதும், முடிந்த ஒவ்வொரு தத்தெடுப்புக்கும் அவருக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதும் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. சம்பளப் பதிவேட்டையும் நீங்கள் அழிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

இதெல்லாம் எங்கோ சில நிறுவனங்களின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையிலிருந்து 1980களில் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப்போனார்கள். குழந்தைகளை விற்பதற்கென்றே பிரசவ இல்லங்கள் நடந்ததும், ஒப்படைக்கும் நாளில் தாயாக நடிக்க வேறு பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டதும் பின்னால் வெளிவந்தன. 2017இல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இலங்கையின் சுகாதார அமைச்சரே இப்படிப்பட்ட 'குழந்தைப் பண்ணைகள்' இருந்ததை ஒப்புக்கொண்டார். நடிக்க வந்த பெண்ணுக்குக் கொடுத்த கூலி யாரோ ஒருவருடைய கணக்கில் செலவாக ஏறியிருக்கும். சென்னையில் 1990களில் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்பப்பட்டது 2005இல்தான் அம்பலமானது. அந்தக் குழந்தைகளின் கோப்புகளும் ஒழுங்காகவே இருந்தன. இல்லாவிட்டால் விசா கிடைத்திருக்காது.

தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளைப் படியுங்கள். கொரியாவிலிருந்து தத்துப்போய் 11 நாடுகளில் வாழும் 367 பேர் முறையிட்டிருந்தார்கள். முதற்கட்டமாக 56 பேருடைய உரிமைகள் மீறப்பட்டதாக ஆணையம் ஏற்றுக்கொண்டது. பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகளை அநாதைகளாகப் பதிவு செய்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொரு குழந்தைக்கு மாற்றியது, தத்தெடுப்போரிடம் வசூலித்த நன்கொடையைக் கொண்டே மேலும் குழந்தைகளைத் திரட்டியது எல்லாம் அதில் இருக்கின்றன. அரசு மேற்பார்வையிடத் தவறியது என்பதும் இருக்கிறது. 56க்கு மேல் ஏன் போகவில்லை? பலருடைய விஷயத்தில் போதிய ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாமல் போனதற்கு அந்தப் பிள்ளைகள் பொறுப்பல்ல. ஆனால் முறையீடு ஏற்கப்படாமல் நின்றது அவர்களுக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் துறையில் தண்டனை கிடைத்த வழக்குகளில் சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது? கம்போடியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நூற்றுக்கணக்கான குழந்தைகளை அனுப்பிய தரகர் லாரின் கலிண்டோ 2004இல் சிறைத் தண்டனை பெற்றது விசா மோசடிக்காகவும் கள்ளப் பணப் பரிமாற்றத்துக்காகவும். மார்ஷல் தீவுகளிலிருந்து கர்ப்பிணிப் பெண்களைப் பணம் கொடுத்து வரவழைத்துக் குழந்தைகளைத் தத்துக் கொடுத்த பால் பீட்டர்சன் அரிசோனாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசுப் பதவியில் இருந்தவர். 2019இல் கைதானார். அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று, அந்தப் பெண்களின் பிரசவச் செலவை அரசு மருத்துவக் காப்பீட்டின் தலையில் கட்டியது. குழந்தையை விற்றார் என்று நிரூபிப்பது கடினம். எல்லோரும் சம்மதித்ததாகக் காகிதம் இருக்கும். பணம் எப்படி நகர்ந்தது என்று நிரூபிப்பது எளிது. அந்த எளிய வழியையும் அடைத்துவிட்டு விசாரணை நடத்துவது எப்படி என்று எனக்குச் சொல்லுங்கள்.

சமீப ஆண்டுகளில் நீங்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்: மொத்தமாக நிறுத்திவிடுவது. நெதர்லாந்தில் அரசு நியமித்த யூஸ்ட்ரா விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முறைகேடுகள் 1960களின் இறுதியிலிருந்தே அரசுக்குத் தெரிந்திருந்தும் தலையிடவில்லை என்றது. உடனே வெளிநாட்டுத் தத்தெடுப்பு இடைநிறுத்தப்பட்டது. பிறகு தொடங்கி, 2024இல் படிப்படியாக முழுவதுமே முடித்துக்கொள்வதென்று அறிவிக்கப்பட்டது. டென்மார்க்கில் வெளிநாட்டுத் தத்தெடுப்பைக் கையாண்டுவந்த ஒரே நிறுவனமும் 2024 ஜனவரியில் தன் வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சீனா தன் திட்டத்தை மூடியது. எத்தியோப்பியா 2018இலேயே தடை செய்துவிட்டது. ஸ்வீடனின் விசாரணை ஆணையம் 2025 ஜூனில் முடிவுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பரிந்துரைத்தது.

தடை சரியா தவறா என்பதில் நான் நுழையவில்லை. அதற்கு இருபக்கமும் நியாயம் இருக்கிறது. உண்மையாகவே குடும்பம் தேவைப்படும் குழந்தை காப்பகத்திலேயே வளர்ந்துவிடும் என்ற கவலை பொய்யல்ல. குவாத்தமாலாவிலிருந்து 2007ஆம் ஆண்டில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலும் கைக்குழந்தைகள். ஆண்டின் இறுதியில் புதிய சட்டம் வந்து தனியார் தரகு நின்றது. ஏற்கெனவே தொடங்கியிருந்தவை முடிந்ததும் அந்த வெள்ளமும் நின்றது. அவர்களில் எத்தனை பேர் வீடற்றவர்கள், எத்தனை பேர் பணத்துக்காக வீடற்றவர்களாக்கப்பட்டவர்கள் என்று அந்தத் தத்தெடுப்புகளை நடத்திவைத்த தனியார் நோட்டரி வழக்கறிஞர்களின் கணக்குகளைப் பார்க்காமல் யாராலும் பிரிக்க முடியாது. நான் சொல்வது ஒன்றுதான். கடையை மூடுகிறவர் வரவு செலவை ஒப்படைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டது, நிர்வாகிகள் ஓய்வுபெற்றார்கள், கணக்குகள் அழிக்கப்பட்டன என்று மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தால், அந்தத் தடையால் பாதுகாக்கப்பட்டது குழந்தைகள் அல்ல.

வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் விற்பனை என்ற பேச்சே வராது. பணம் அரசிடமிருந்தே வருகிறது. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மானியம் தருகிறீர்கள். குழந்தை இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருக்கும்வரை பணம் வரும். குழந்தை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிய அன்று நின்றுவிடும். 'குடும்பத்துடன் மீண்டும் சேர்த்தல்' என்ற செலவுத் தலைப்பு உங்கள் படிவத்திலேயே இருக்கிறது. நான் தணிக்கை செய்த இல்லங்கள் பலவற்றில் அந்த வரியில் ஆண்டுக்காண்டு சைபர். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வரியில் செலவழித்தால் அடுத்த மாத வரவு குறையும் என்று கணக்கருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைகளில் சிலருடைய சேர்க்கைப் படிவத்தில் காரணம் 'வறுமை' என்று எழுதியிருக்கும். தாய்க்கு வாடகை கொடுக்க முடியவில்லை; வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் தாய்க்குத் தர உங்கள் திட்டத்தில் நிதி இல்லை. அவருடைய பிள்ளையை வேறொருவர் வளர்க்க, அந்த வாடகையைவிட அதிகம் தருகிறீர்கள். ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணமாக வைத்து ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. உங்கள் சேர்க்கைப் படிவமோ அதையே ஒரு காரணமாக அச்சிட்டு வைத்திருக்கிறது.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான், தொகைதான் பெரிது. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2022இல் ஆய்வு செய்தபோது, பெரிய தனியார் நிறுவனங்கள் குழந்தைகள் இல்லங்களில் சராசரியாக 22.6 சதவீதமும், வளர்ப்புக் குடும்ப ஏற்பாட்டில் 19.4 சதவீதமும் லாபம் பார்த்தது தெரிந்தது.  வேல்ஸ் 2025இல் குழந்தைப் பராமரிப்பில் லாபத்தையே படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. ஆக, முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவில் இறந்துபோன பெற்றோரின் பெயரில் பிள்ளைக்கு வர வேண்டிய உதவித்தொகையைப் பல மாநில அரசுகள் பராமரிப்புச் செலவுக்கு என்று தாங்களே எடுத்துக்கொண்டது 2021இல் செய்தியானது. அநாதைப் பிள்ளையிடமிருந்தே அவனை வளர்த்ததற்குக் கூலி. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு விளக்கம்கூடத் தேவைப்படவில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன, இப்படிக் கெடுபிடி செய்தால் அவை மூடிவிட்டுப் போய்விடும் என்பீர்கள். நல்ல நிறுவனங்களின் கணக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே என்னைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். செலவு இருக்கத்தான் செய்யும். செவிலியருக்குச் சம்பளம் வேண்டும், பாலுக்குப் பணம் வேண்டும், சமூகப் பணியாளர் சும்மா வேலை செய்ய வேண்டியதில்லை. குழந்தையைக் கண்டுபிடித்துத் தருபவரே அதற்கான பணத்தையும் தன் கையால் வாங்கும் ஏற்பாடுதான் கூடாது. தனியுரிமை என்பீர்கள். வவுச்சரில் உள்ள மற்றவர்களின் பெயரை மறைத்து நகல் தருவது எந்த அலுவலகத்திலும் அன்றாட வேலை. இடமில்லை என்பீர்கள். ஸ்கேன் செய்துவிட்டால் ஒரு நிறுவனத்தின் முப்பதாண்டுக் கணக்கும் கைக்குள் அடங்கும்.

என் கோரிக்கைகள் இவை.

தத்தெடுப்போடு தொடர்புடைய எல்லா நிதி ஆவணங்களையும், பேரேடு, ரொக்கப் புத்தகம், வவுச்சர், வங்கி அறிக்கை, சம்பளப் பதிவேடு, நன்கொடை ரசீது உட்பட, குழந்தையின் கோப்புக்கு உள்ள அதே காலத்துக்கு, அதாவது நிரந்தரமாக, பாதுகாக்க உத்தரவிடுங்கள். மூடப்படும் நிறுவனங்களிடமிருந்து அவற்றை அரசு ஆவணக் காப்பகம் பட்டியலிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். தென்கொரியா 2025 ஜூலை முதல் தத்தெடுப்புப் பணியையே தனியாரிடமிருந்து எடுத்து அரசின் பொறுப்பில் வைத்திருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லாவிட்டாலும் பெட்டிகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தத்துப்போன ஒருவர் தன் கோப்பைக் கேட்கும்போது, தான் வந்த தேதியை ஒட்டிய கணக்குப் பதிவுகளின் நகலும் சேர்த்துத் தரப்பட வேண்டும். அவர் தனியாக மனுப் போட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள். அப்படி ஒரு காகிதம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

விண்ணப்பித்த நாளிலிருந்து இறுதி ஆணைக்குப் பின் குறைந்தது ஓராண்டுவரை, தத்தெடுக்கும் குடும்பத்திடமிருந்து எந்த நன்கொடையும் எந்தப் பெயரிலும் பெறக் கூடாது என்று தடை செய்யுங்கள். கட்டணம் முழுவதும் அரசுக் கணக்கில் செலுத்தப்பட்டு, நிறுவனத்துக்கு அரசே வழங்கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குழந்தைக்கு வாங்கிய தொகை ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும்.

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்த செலவை அவர் பெயரில் கடனாக எழுதுவதைக் குற்றமாக்குங்கள். அவருக்கு ஆலோசனை சொல்பவர் தத்துக் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் பெறாதவராக இருக்க வேண்டும்.

தணிக்கையாளர் எழுப்பும் ஒவ்வொரு கேள்விக்கும் 60 நாட்களுக்குள் நிறுவனம் எழுத்துமூலம் பதில் தர வேண்டும், பதில் வராமல் உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது என்று உங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நாளைக்கே செய்யலாம்.

வளர்ப்புப் பராமரிப்பில், ஒரு குழந்தையைப் பிரிக்குமுன் அதே மானியத் தொகையைச் சொந்தக் குடும்பத்துக்குத் தந்து பார்க்கப்பட்டதா என்று கோப்பில் பதிவு செய்யுங்கள். குழந்தை வீடு திரும்பிய பிறகும் ஓராண்டுக்கு அந்தத் தொகை அந்த வீட்டுக்குப் போகட்டும். ஒதுக்கப்பட்டதில் வளர்ப்புக் குடும்பத்தின் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நிறுவனவாரியாக வெளியிடுங்கள். பிள்ளையின் பெயரில் வரும் எந்த உதவித்தொகையும் பிள்ளையின் பெயரிலேயே வங்கியில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எனக்குப் பதில் எழுதிய அலுவலகத்துக்கு. அந்த நிறுவனத்தின் நிதி ஆவணங்களை அழிக்கும் உத்தரவை உடனே நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தால் எந்தெந்த ஆண்டுக் கணக்குகள், எந்தத் தேதியில், யாருடைய கையெழுத்தில் அழிக்கப்பட்டன என்ற பட்டியலை வெளியிடுங்கள். இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்குத் தணிக்கையாளர்